தயிர்க்காரியின் சும்மாடு

கனகசிங்கம் கடைசிப் பக்கத்தையும் வாசித்து முடித்து, மை காயாத அச்சுத்தாளை மேசையில் வைத்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான்.

"மூர்த்தி, நீ எழுதினதுக்குள்ள இதுதான்டா கதை. மத்ததெல்லாம் கட்டுரை."

பாராட்டும் ஏச்சும் வினாயகமூர்த்திக்கு ஒரே மாதிரித்தான் கேட்டன. மனைவி ஜெயமலர் போன பிறகு எல்லாம் அப்படித்தான்.

சனிக்கிழமை முற்பகல். நகரத்தில் பேர்டியின் அச்சகத்துப் பின்னறை. கனகசிங்கம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லிகிதர். ஓய்வு நேரத்தில் ஒரு சிற்றிதழ் நடத்தினான். பேர்டியின் மகள் பேர்னிஸ் அச்சுக் கோர்ப்பாள். சன்னலோரம் நின்று, எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைச்சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேள்வி மட்டும்" என்றான் கனகசிங்கம். "அந்தத் தயிர்க்காரி. காலையில மெல்லிய சும்மாட்டோட வாறா. பின்னேரம் திரும்பக்குள்ள சும்மாடு பருத்திரிக்கு. மூணு இடத்தில எழுதியிரிக்காய். கதைக்குப் பேரே 'சும்மாடு'. ஏன் பருக்குது?"

"தெரியா. பாத்தன், எழுதினன்."

"வாசிக்கிறவன் கேப்பானே."

"கேக்கட்டும். காணாதத எழுதாத எண்டு நீதானே சொன்னாய்."

கனகசிங்கம் அப்படிச் சொன்னது உண்மை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூர்த்தி எழுதிய கதைகளில் நிலவும் கண்ணீரும் நிறைய இருந்தன. அவற்றை வாசித்துவிட்டு, 'உன்ட ஆக்கள் ஒருத்தரும் சோறு தின்னுறாங்க இல்ல, மூக்குச் சிந்துறாங்க இல்ல' என்று சிரித்தவன் கனகசிங்கம். ஜெயமலர் இறந்த பிறகு மூர்த்தியால் எதையும் கற்பனை செய்யவே முடியவில்லை. அப்போது அந்த அறிவுரை கைகொடுத்தது. பார்ப்பதற்கு மனம் தேவையில்லை, கண் போதும். அவன் இக்கரையில் ஆரையம்பதியில் ஓர் அறையில் இருந்தான். அக்கரையில் படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தான். தினமும் மண்முனைத்துறையில் வாவியைக் கடந்து போய்வருவான். கடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவரைப் பார்ப்பான். வீடு வந்ததும், விளக்குக் கொளுத்துமுன் ஒரு பக்கம் எழுதுவான். கண்டது மட்டும், காரணம் எழுதுவதில்லை. ஒரு வருடமாக இதுதான் அவனுடைய பழக்கம். தேவாரம் பாடுகிறவன் அர்த்தத்தை நினைக்காமல் பாடுவதுபோல எழுதினான்.

தயிர்க்காரி சின்னத்தங்கத்தை அப்படித்தான் பார்த்தான். காலையில் அவன் தோணிக்காக நிற்கும்போது அவள் அக்கரையிலிருந்து வந்து இறங்குவாள். தலையில் பனையோலைக் கடகம், அது நிறையத் தயிர் நிரம்பிய மண்முட்டிகள். கடகத்துக்கும் தலைக்கும் நடுவே, பழஞ்சீலையை வளையமாகச் சுருட்டிய சும்மாடு. பின்னேரம் அவன் இக்கரைக்கு வந்து இறங்கும்போது, அவள் வெறும் முட்டிகளுடன் காவலரண் வரிசையில் நிற்பாள். ஆமிக்காரர் கடகத்தை இறக்கி முட்டிகளைத் தட்டிப் பார்ப்பார்கள். சும்மாடு தலையிலேயே இருக்கும்.

எழுத்துப் பெட்டிப் பக்கமிருந்து பேர்னிஸ் சொன்னாள். "எனக்கும் கோர்க்கக்க ஒரு மாதிரித்தான் இரிந்திச்சு. முட்டி நிறையத் தயிர் இரிக்கக்க மெல்லிய சும்மாடு. வெறும் முட்டிக்குப் பெரிய சும்மாடு. பாரம் இரிக்கக்கதானே மனிசருக்குத் தலை நோகும்? அப்ப அவ…"

அவள் கை எழுத்துப் பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்கத்தின் கையிலிருந்த அக்கரைக்கு என்னென்ன கொண்டுபோக ஆமி விடாது என்பது யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து. மூர்த்தி படிப்பித்த ஊரின் சின்ன மருந்தகத்தில் போன மாரியில் திடீரென்று மலேரியா குளிசை இருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கடவுளே" என்றான் கனகசிங்கம் மெதுவாக. "ஊர், துறை, மரத்தடி, ஆளுட கன்னத்து மச்சம். எல்லாத்தையும் எழுதியிரிக்காயேடா. அடையாள அட்டை ஒண்டுதான் குறை."

"எடுத்துப்போடுவம்" என்றான் மூர்த்தி. "கதையையே எடு."

"எடுத்து?" பேர்னிஸ் மூலையைக் காட்டினாள். அங்கே அட்டைகள் அச்சாகி, கட்டுக்கட்டாக இருந்தன. பச்சை மையில், பெரிய எழுத்தில்: 'சும்மாடு – வினாயகமூர்த்தியின் சிறுகதை.' கனகசிங்கத்துக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்திருந்தது.

அட்டையிலிருப்பது உள்ளே இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். போன இதழில் ஒரு கவிதையைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூப்படம் ஒன்றைப் போட்டார்கள். இதழ் வெளியே போகுமுன் ஆமி முகாமிலிருந்து வந்து பார்க்கிற ஆள், அந்தப் பூவில் விரலை வைத்து, 'இதில என்ன இரிந்தது?' என்று கேட்டான். அதற்குப் பிறகு பேர்டியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து அவர் அச்சகத்துக்குள் வருவதில்லை. முன்வீட்டில் கதிரையில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது. தமிழ் ஆள்தான், எந்த ஊர் என்றும் தெரியாது. 'வாசகர்' என்று கனகசிங்கம் பெயர் வைத்திருந்தான். எங்கட சஞ்சிகைய முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரைக்கும் வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று சிரிப்பான். இப்போது சிரிக்கவில்லை.

"மத்தியானச் சோத்துக்குப் பிறகு வருவார்" என்றான். "சும்மாடு இரிக்கத்தான் வேணும். பருக்கிறதுக்கு வேற காரணம் ஒண்டு வேணும். மூர்த்தி, ஒழும்பி இரு. எழுது."

"பொம்பிளைய ஆம்பிளையா மாத்தினா?"

"ஐயோ சேர்" என்றாள் பேர்னிஸ். "ஒவ்வொரு வரியிலயும் 'ஆள்' எண்ட வால 'ஆன்' ஆக்கணும். என்னால ஏலா. மச்சத்தையும் துறைட பேரையும் எடுத்துத் தாறன். மத்தபடி மூணு பந்திதான் மாத்தலாம். எத்தின வரி எடுக்கிறீங்களோ அத்தின வரிதான் வைக்கணும். கூடினா அடுத்த பக்கம் குழம்பிப் போகும்."

மூர்த்தி தாளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒன்றும் வரவில்லை. பேனாவின் நுனி காய்ந்தது. தலையிடி என்று போடு என்றான் கனகசிங்கம். "தலையிடிக்காரி ஏன் சேர் கடகம் சுமக்கிறா?" என்றாள் பேர்னிஸ். பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்கிச் சுற்றுகிறாள் என்று போடு என்றான் திரும்பவும். "ஒவ்வொரு நாளுமா? கடைக்காரன்ட மகளா அவ?" கனகசிங்கம் எழுந்து நடந்தான். வெளியே சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் சன்னலுக்குப் போய்ப் பார்த்தான்.

காணாததை எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூர்த்தி கண்ணை மூடினான். ஒரு பெண். தலையில் துணி. தினமும் நகரத்திலிருந்து துணி கொண்டு போகிறாள். நகரத்தில் என்ன இருக்கிறது? சந்தை, கச்சேரி, கோட்டை, ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி.

ஜெயமலர் உயிரோடு இருந்தபோது அவர்கள் அக்கரையில், பள்ளிக்கூட விடுதியில் இருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அக்கரையில் குளிசை இல்லை. ஆமியின் சுற்றிவளைப்பு, தோணி விடவில்லை. தோணி விட்ட பிறகு நகரத்துக்குக் கொண்டுவந்தான். காலம் கடந்துவிட்டது என்று முகத்தைப் பார்க்காமல் டொக்டர் சொன்னார். ஆனாலும் அவள் சில நாள் கிடந்தாள். பின்னேரம் பின்னேரம் வியர்வையில் நனைந்த உடுப்பை மாற்றி, அழுக்கைச் சுருட்டிக்கொண்டு அவன் தோணி ஏறுவான். காலையில் கழுவியதைக் கொண்டுவருவான். கடைசி நாள் கொண்டுபோன பை, இப்போது அவனுடைய ஆரையம்பதி அறையில் அலுமாரிக்கு மேலே கிடந்தது. திறந்ததில்லை.

அவன் எழுதத் தொடங்கினான்.

தயிர்க்காரியின் தங்கை பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். தயிர் விற்று முடிந்ததும் அக்கா போகிறாள். தங்கையின் நனைந்த உடுப்பை மாற்றுகிறாள். அழுக்கைக் கடகத்தில் வைக்க மனம் வராது. தயிர் முட்டி இருக்கிற கடகம், நாளைக்குப் பால் உறைய வேண்டிய முட்டி. அதனால் சும்மாட்டோடு சேர்த்துச் சுற்றுகிறாள். நீலப் பூப்போட்ட சீத்தைத்துணி நீட்டுச்சட்டை. விளிம்பு பிரிந்த மஞ்சள் துவாய். தங்கையின் காய்ச்சலை அவள் தலையில் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கிறாள்.

ஒவ்வொரு பந்தியாகப் பேர்னிஸ் வாங்கிக்கொண்டாள். எழுத்துக்கள் சட்டத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"தயிர் முட்டியோட நோயாளிட துணி வைக்கமாட்டாளுகள். அது சரி" என்றாள். பிறகு, "சேர், இதில 'அழுதாள்' எண்டு போட்டிரிக்கீங்க. 'ழு' பெட்டியில இல்ல. இரிந்ததெல்லாம் மத்தப் பக்கங்கள்ல கட்டிக்கிடக்கு" என்றாள்.

"எடுத்துவிடுங்க. அழவேணாம்."

"வெறுமையா விடேலா. வேற ஒரு சொல் தாங்க, அந்த அளவுக்கு."

"'நின்றாள்' எண்டு போடுங்க."

கனகசிங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மூர்த்தி, முடிவு நிக்கல்ல. தங்கச்சி சாகணும். ஒரு நாள் சும்மாடு எண்டைக்கும் இல்லாத பெரிசா வருது. ஆஸ்பத்திரியால எல்லா உடுப்பையும் குடுத்திட்டாங்க. அதோட முடி. ஆள உலுக்கிப்போடும்."

"இல்ல."

"ஏன்?"

"வரி காணாது."

இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேர்னிஸ் அதைப் பார்த்தாள். 'மறுநாளும் அவள் தயிர் கொண்டு வந்தாள்' என்று அவன் எழுதிக்கொடுத்ததைக் கோர்த்து, பக்கத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பழைய தாள்களைக் கனகசிங்கம் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தான். புதிய தாளின் மை காயுமுன் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

வாசகர் நடுவயது ஆள். துவைத்த வெள்ளைச் சட்டை. பையில் சிவப்புப் பேனா. இருந்து நிதானமாக வாசித்தான். தலையங்கத்தை வாசித்தான், கவிதைகளை வாசித்தான், மதிப்புரையை வாசித்துக் கொட்டாவி விட்டான். 'சும்மாடு' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு முறை வாசித்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். பேர்னிஸ் கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது.

"எழுதினது நீங்களா?"

"ஓம்."

"படிப்பிக்கிறீங்களோ?"

"ஓம். அக்கரையில."

"நல்லா இரிக்கு" என்றான். உண்மையாகவே சொன்னான். "நானும் ஒரு காலம் எழுதிப் பாத்த ஆள்தான். கட்டின கதைக்கும் பாத்த கதைக்கும் மணத்தில வித்தியாசம் தெரியும். இது பாத்தது."

எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மனிதனும் இதைவிடப் பெரிய பாராட்டை மூர்த்திக்குச் சொன்னதில்லை.

"முடிவுதான் எங்கயோ இடிக்குது" என்றான் வாசகர். சிவப்புப் பேனாவைத் திறந்து, கடைசி வரியின் அருகில் ஒரு கேள்விக்குறி போட்டான். பிறகு பக்கத்தின் அடியில் கையெழுத்து வைத்தான். எழும்பும்போது சாதாரணமாகச் சொன்னான். "இப்பிடி ஒருத்திய நானும் கண்டிரிக்கன், மண்முனைத்துறையில. சும்மாட்டை நான் கவனிக்கல்ல. நீங்க சொன்ன பிறகுதான் ஞாபகம் வருது. திங்கக்கிழமை பின்னேரம் அங்கால எனக்கு வேல ஒண்டு இரிக்கு. பாப்பம்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கனகசிங்கம் கதிரையில் விழுந்தான்.

"தயிர்க்காரிக்கு அறிவிக்கணும்."

"எப்பிடி? சனியில தோணி மத்தியானத்தோட சரி, நாளைக்குத் தோணி இல்ல. திங்கள் காலையில அவ இறங்கக்கதான் காணலாம்."

"அண்டைக்கு மெல்லிசா வரச்சொல்லு."

"மெல்லிசா வந்தாலும் பிடிப்பான். ஏன் இண்டைக்கு மட்டும் மெல்லிசு எண்டு கேப்பான். அவன் வாசிக்கிறவன்." மூர்த்தி தன் கைகளைப் பார்த்தான். விரல்களில் மை. "கதையில என்ன இரிக்குதோ, அது இரிக்கணும். நீலப் பூப்போட்ட சட்டை. மஞ்சள் துவாய்."

"அதுக்கு இப்ப எங்கடா போறது?"

மூர்த்தி சைக்கிளை எடுத்தான்.

ஞாயிறு பகல் முழுவதும் அவன் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். வெயில் சரிந்த நேரத்தில் கதிரை வைத்து ஏறினான். பையின் மேல் தூசி. முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் அவிழ்த்தான். உள்ளே பினைல் மணமும் வியர்வை மணமும் அப்படியே இருந்தன. சட்டையை வெளியே எடுக்கவில்லை. எல்லாம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தான். கழுத்துப் பட்டியில் ஒரு நீள முடி விரலில் சுற்றியது. அதை எடுத்தான். திரும்பவும் உள்ளே வைத்து முடிச்சுப் போட்டான்.

அன்றைக்கு அவன் எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை சின்னத்தங்கம் தோணியால் இறங்கி, காவலரணைத் தாண்டி வந்து, வழக்கம்போல வாகைமரத்தடியில் கடகத்தை இறக்கிச் சும்மாட்டைச் சரிசெய்தாள். மூர்த்தி கிட்டப் போனான். ஒரு வருடமாகப் பார்த்த முகம். ஒரு நாளும் பேசியதில்லை.

"ஒரு முட்டி தாங்க."

"இதென்ன புதினம். சேருக்கு இண்டைக்குத்தான் தயிர் திங்க ஆசை வந்ததோ?" அவள் சிரித்துக்கொண்டே முட்டியை எடுத்தாள். கன்னத்து மச்சம் சிரிப்பில் அசைந்தது. "பள்ளிக்கூடத்தில வச்சா பொடியனுகள் நக்கிப்போடுவானுகள்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பின்னேரம் துறையடியில ஒராள் நிப்பார். உங்கட சும்மாட்டைப் பாப்பார்."

முட்டியை நீட்டிய கை நடுவில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்ணில் இல்லை.

"என்ட சும்மாட்டில என்ன கிடக்கு, பாக்கிறதுக்கு?"

"ஒண்டும் இல்ல. இண்டைக்கு ஒண்டும் இரிக்கவும்படா. ஆனா பெரிசா இரிக்கணும். இதச் சுத்திக்கொண்டு வாங்க." பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"என்ன இது?"

"உடுப்பு. ஆஸ்பத்திரியால வந்தது. என்ட பொஞ்சாதிட."

"அவ எங்க?"

"இல்ல."

அவள் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அந்த ஆளுக்கு என்ட தலையில என்ன தேடல்? ஆர் சொன்ன?"

"நான்தான். பாத்துட்டு எழுதிப்போட்டன். கதை."

"கதையா? என்னயா?" குரல் உயராமலே கூர்ந்தது. "எழுதுறதுக்கு உங்களுக்கு வேற ஆள் கிடைக்கல்லயா சேர்? ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு நிண்டீங்களே, ஏதோ துக்கத்தில இரிக்கிற மனிசன், பாவம் எண்டு நினைச்சன். இதுக்கா பாத்தீங்க? என்ட ரெண்டு புள்ளயள்ற வாயில மண்ணப் போடவா?"

காவலரணில் நின்ற சிப்பாய் இந்தப் பக்கம் திரும்பினான். அவள் உடனே உரத்துச் சொன்னாள். "புளிக்காது சேர், நேத்து உறைஞ்சது! புளிச்சா முட்டியக் கொண்டுவந்து தலையில போடுங்க!"

கடகத்தைத் தலையில் ஏற்றினாள். பையைக் கடகத்துக்குள் வைக்கவில்லை. முழங்கையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நகரப் பக்கம் நடந்தாள்.

அன்று அவன் படிப்பித்தது என்னவென்று அவனுக்கே தெரியாது. பின்னேரத் தோணியில் முன்பக்கம் நின்றான். தோணி நடுவாவிக்கு வந்ததும் இக்கரை தெளிந்தது. காவலரண், வரிசை, வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டைக்கு முன்னால் ஒரு கடகம். கடகத்துக்குக் கீழே சும்மாடு பருத்திருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் அவன் சொன்னதைச் செய்தாளா, ஆத்திரத்தில் பையை எங்காவது வீசிவிட்டு வழக்கம்போல வருகிறாளா? தோணியோட்டி மெல்லமாகத்தான் துடுப்பு வலித்தான். கத்தவேண்டும்போல இருந்தது.

தோணி கரை தட்டியபோது வாசகரின் குரல் கேட்டது.

"கடகத்த இறக்கு. மறுகா அதக் கழட்டு."

"எத ஐயா?"

"தலையில இரிக்கிறத."

சின்னத்தங்கம் சும்மாட்டை எடுத்தாள். சுற்றைப் பிரித்தாள். பழஞ்சீலை விழுந்தது. உள்ளே இன்னொரு சுற்று. மஞ்சள் துவாய். விளிம்பு பிரிந்திருந்தது. வாசகர் அதை வாங்கி உதறினான், ஒன்றும் விழவில்லை. கடைசிச் சுற்றை அவனே பிரித்தான். நீலப் பூப்போட்ட நீட்டுச்சட்டை அவன் கைகளில் முழு நீளத்துக்கும் தொங்கியது. காற்றில் சட்டையின் கைகள் அசைந்தன. மூர்த்தி தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஆர்ட இது?"

"செத்துப்போன ஒருத்திட ஐயா. ஆஸ்பத்திரியால வந்த உடுப்பு. இன்னும் கழுவல்ல. முட்டியோட வைக்கேலாதே."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வாசகர் சட்டையை விட்டான். அவள் நிலத்தில் விழாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கைகளைக் காற்சட்டையில் துடைத்தான். பக்கத்தில் நின்ற சிப்பாயும் ஓரடி விலகினான். அப்போதுதான் வாசகர் தோணியைப் பார்த்தான்.

"சேர், இஞ்ச வாங்க."

மூர்த்தி இறங்கிப் போனான்.

"உங்கட கதையில தங்கச்சி சாகல்லயே. மறுநாளும் தயிர் கொண்டு வந்தாள் எண்டுதானே முடிச்சீங்க? இவ செத்துப்போனாள் எண்டுறா. எது உண்மை?"

சின்னத்தங்கம் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு மூர்த்தியைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. தேடினான். கிடைக்கவில்லை.

"செத்தது உண்மை" என்றான். "கதையில சாகவைக்க எனக்கு ஏலாமப் போச்சு."

சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது. அவனால் அதை நிறுத்த முடியவில்லை. ஒரு வருடமாக எங்கேயோ கட்டிக்கிடந்தது, ஆமிக்காரனும் மீன்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, இறங்குதுறையில் வந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வாசகர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தடவினான்.

"அதுதான் முடிவு இடிச்சது" என்றான் கடைசியில். "எனக்கு அப்பவே தெரியும்." அவள் பக்கம் திரும்பாமலே கையை வீசினான். "போ. தோணி போகப்போகுது."

அவள் மூன்று துணியையும் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சும்மாடாக்கி, கடகத்தை ஏற்றி, தோணிக்குப் போனாள். மூர்த்தி விரல்களுக்கு நடுவே பார்த்தான். நீலப் பூக்கள் கடகத்துக்குக் கீழே தண்ணீருக்கு மேலால் போயின.

செவ்வாய்க்கிழமை காலை, வாகைமரத்தடியில் அவள் அவனுக்காக நின்றாள். பையை நீட்டினாள். அவன் வாங்கித் திறந்தான். சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. துவாயின் பிரிந்த விளிம்பு தைக்கப்பட்டிருந்தது. சவர்க்கார மணம்; வெயில் மணம். வேறு ஒரு மணமும் இல்லை.

"கழுவிப்போட்டன்" என்றாள். "இப்பிடி அழுக்கோட வச்சிரிக்கப்படா சேர்."

அவன் தலையசைத்தான்.

"இனியும் எழுதுவீங்களா?"

"எழுதுவன்."

"என்னய?"

"இல்ல."

"எழுதுங்க, எழுதுங்க" என்றாள் கடகத்தை ஏற்றியபடி. "ஆனா கண்ட மாதிரி எழுதாதீங்க."

அன்று பின்னேரம் தோணி இக்கரையை நெருங்கியபோது, வரிசையில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. கடகங்கள் தெரிந்தன. மூர்த்தி மறுபக்கம் திரும்பி, தண்ணீரையும் அதில் நட்டிருந்த வலைக்கம்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரிசையைக் கடந்தான். அவளுடைய சும்மாடு அன்று மெலிந்திருந்ததா பருத்திருந்ததா என்பது அவனுக்குத் தெரியாது.